வரி இல்லாத வீடு

மாமல்லபுரம் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, வெறும் அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய ஆதியம்மாள், முதலில் கொத்தனாரைத் தேடினாள். ஆளைக் காணவில்லை. கலவைத் தட்டு கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. இடுப்புயரம் எழும்பியிருந்த சுவருக்குப் பக்கத்தில், மணல் குவியலின் மேல் ரவிச்சந்திரன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நடுமேட்டுக்குப்பத்தின் ஊர்ப் பஞ்சாயத்தில் இந்த முறை அவர்தான் பெரிய ஆள். பெரிய ஆள் வெயிலில் மணல் மேல் உட்கார்ந்திருந்தால் நல்ல செய்தி இருக்காது.

"இன்னா தம்பி, கொத்தனாரு சாப்புடப் போய்க்கீறாரா?"

"நான்தான்க்கா அனுப்பி வெச்சேன்."

"ஏன், சுவரு கோணலா கீதா?"

"சுவரு நேராத்தான் கீது. ஊருதான் கோணிக்கினு போச்சி." அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை. "குந்துக்கா மொதல்ல. தண்ணி குடி."

ஆதியம்மாள் உட்காரவில்லை. தலையிலிருந்து சும்மாட்டுத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனி மாதத்து மேற்குக் காற்று, ஈசிஆர் ரோட்டைத் தாண்டி, சவுக்குத் தோப்பைத் தாண்டி, அடுப்பிலிருந்து வருவது போல வந்தது. கடல் பக்கத்திலிருந்து ஒரு சொட்டு ஈரம் இல்லை. கடலே எங்கோ போய்விட்டது போல இருந்தது.

ரவிச்சந்திரன் சொன்னதைப் புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரமானது. இந்தக் கரை முழுவதற்கும் அரசாங்கம் ஒரு புதிய திட்டம் போடுகிறது. எங்கே வீடு, எங்கே கடை, எங்கே விடுதி, எங்கே ஒன்றும் கூடாது என்று வரைபடத்தில் வண்ணம் அடித்திருக்கிறார்கள். மஞ்சள் அடித்த இடத்தில் வீடு கட்டலாம். குப்பத்துக்கு மஞ்சள் அடித்திருக்கிறார்கள். ஆனால் மஞ்சள் ஊர்க் கிணற்றோடு நின்றுவிட்டது. கிணற்றுக்குத் தெற்கே இருக்கிற வரிசை பச்சை.

"பச்சைன்னா?"

"பூங்காவாம். கடற்கரைப் பூங்கா."

"அப்ப நாங்க?"

"அதாங்க்கா. வர்ற வாரம் திருக்கழுக்குன்றத்துல கல்யாண மண்டபத்துல கருத்துக் கேட்புக் கூட்டம் கீது. அது முடியற வரிக்கும் ஒரு கல்லு கூட வெக்காத. போட்டோ புடிச்சிகினு போறாங்க. அப்பால இடின்னு வந்தா, நான் இன்னா பண்ணுவேன்?"

தெற்கு வரிசை என்பது ஊரிலேயே கடைசியாக வந்த வரிசை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர்கள், பாகம் பிரிந்து இடம் இல்லாதவர்கள், பெண்ணைக் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டோடு தங்கிவிட்ட மாப்பிள்ளைகள், இப்படி ஒவ்வொருவராக வந்து ஒட்டிக்கொண்ட வரிசை. ஆதியம்மாளின் வீட்டில் ஒரு கூடம், ஒரு அடுப்படி. அந்தக் கூடத்தில் மகள் பானுமதி, மாப்பிள்ளை தேவேந்திரன், அவர்களுடைய பெண், பையன். ஆதியம்மாள் இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவிடம் போய்விடுவாள். மழைக்காலத்தில் சந்திரம்மாவின் வீடு ஒழுகும். அப்போது எல்லோரும் ஒரே கூடத்தில், ஒருவர் திரும்பிப் படுத்தால் எல்லோரும் திரும்பிப் படுக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த அறை. இதற்காக அவள் மீன் விற்ற காசில் கல் வாங்கி, மணல் வாங்கி, வீட்டுத் தெற்குப் பக்கத்தில் கயிறு கட்டி அளந்து ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடச் சுவரில் வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். சந்திரம்மாவும், அதே வரிசையில் இருக்கிற வேண்டாவும் அவளோடு வந்தார்கள். மூன்று பேருக்கும் புருஷன் இல்லை. வேண்டாவுக்கு வாய் மட்டும் மூன்று பேருக்கு உண்டு.

"இதுல நம்ம வூடு எங்கடி கீது?"

"தோ, இந்தக் கோட்டுக்கு இந்தாண்ட," என்று காட்டினாள் ஆதியம்மாள்.

"வூட்டையே காணோமே. வெறும் பச்சையாக் கீது." வேண்டா விரலால் சுரண்டிப் பார்த்தாள். "நம்மள செடியாக்கிட்டானுங்கடி. இனிமேட்டு எனக்குக் காலையில யாராச்சும் தண்ணி ஊத்தினா போதும். கஞ்சி கூட வேணாம்."

"சிரிக்காதடி," என்றாள் சந்திரம்மா. "வடக்கு வரிசை மட்டும் எப்பிடி மஞ்சளா கீது? அவங்க வூடும் ஓடு, நம்ம வூடும் ஓடு."

அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்த ரவிச்சந்திரன்தான் மெதுவாகச் சொன்னார். மாசி மாதம் அளவு எடுக்க வந்தவர்கள் அவரிடம் கேட்டார்களாம், 'உங்க ஊர்ல எத்தனை குடும்பம்?' என்று. அவர் யோசிக்கவே இல்லை. தலைக்கட்டுக் கணக்கைச் சொல்லிவிட்டார்.

ஊருக்கு அது ஒன்றுதான் கணக்கு. கல்யாணம் ஆகி, ஊருக்கு வரி கட்டுகிற ஆண் ஒரு தலைக்கட்டு. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முன்னால் தலைக்கட்டு வரி வசூல் நடக்கும். வரி கட்டியவன் சபையில் உட்காரலாம், ஊர்ப் பணத்தில் பங்கு கேட்கலாம். புருஷனை இழந்தவள் வீட்டில் மட்டும் வரி கேட்கக் கூடாது. கடல் ஏற்கெனவே வாங்கிவிட்ட வீட்டில் ஊர் கை நீட்டினால் மீன் விலகிப்போகும் என்பார்கள். வெளியூரிலிருந்து வந்து மாமியார் வீட்டில் இருக்கிற மாப்பிள்ளையிடமும் கேட்கக் கூடாது. பெண் கொடுத்த இடத்தில் வரி வாங்குவது ஊருக்கே அசிங்கம். அவன் தன் பிறந்த ஊரில்தான் கட்டுவான். தேவேந்திரன் சதுரங்கப்பட்டினத்தில் கட்டிக்கொண்டிருந்தான். வருடா வருடம் வசூலுக்கு வருகிறவர்கள் தெற்கு வரிசையை மரியாதையாகத் தாண்டிப் போவார்கள். அந்த மரியாதை அப்படியே போய் வரைபடத்தில் பச்சையாக உட்கார்ந்துவிட்டது.

"அப்ப நாங்க குடும்பமே இல்லன்னு சொல்லிட்டு வந்துக்கீற," என்றாள் ஆதியம்மாள்.

"வேணும்னு சொல்வேனாக்கா? எத்தினி குடும்பம்னான். வாயில அதான் வந்திச்சி. எங்கப்பன் சொன்ன கணக்கு, அவங்கப்பன் சொன்ன கணக்கு."

"அவங்கள்லாம் செத்துப் போய்ட்டாங்களே தம்பி. நாங்கதான உசுரோட கீறோம்."

அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கூடையை எடுத்துக்கொண்டு ஏலத்துக்குப் போய்விட்டாள். படகுகள் வந்துகொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் கிழங்கா மீன் குழம்பு. தேவேந்திரன் குனிந்தபடி சாப்பிட்டான். முதுகில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. நல்லவன்தான். குடிப்பதில்லை, கை ஓங்குவதில்லை. எதையும் நாலு நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஐந்தாம் நாள் சொல்லுவான்.

"அத்த, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மாப்ள."

"சிங்கப்பெருமாள் கோயிலாண்ட ஒரு ரூமு பாத்து வெச்சிக்கீறேன். எங்கூரு பையன் ஒருத்தன் கம்பெனி பஸ்சு ஓட்றான். கிளீனரா சேத்து வுட்றேங்கறான். அப்பால லைசென்சு எடுத்தா டிரைவராயிடலாம்."

பானுமதி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அவளுக்கு முன்பே தெரியும் என்பது அந்தச் சத்தமின்மையில் தெரிந்தது.

"ரூமுன்னா எம்மாம் பெருசு?"

"இத்தினிதான். மாடில லைனா பத்து ரூமு. ஆனா கதவு கீது அத்த." சொல்லிவிட்டு அவன் சங்கடப்பட்டான். "நான் இன்னா சொல்றேன்னா, பெரியவளுக்கு வயசாவுது. அவ துணி மாத்தணும்னா நான் எழுந்து கடல்கரைக்குப் போவணும். நீங்க ஒரு வூட்ல துன்னுட்டு ஒரு வூட்ல தூங்கறீங்க. எத்தினி நாளைக்கு?"

"ரூமுதான் கட்டிகினு கீறனே மாப்ள."

"கட்ட வுட்டா இருக்கறேன். அந்தக் கூட்டத்துல இன்னா சொல்றாங்கன்னு பாக்கலாம். கட்டுன்னு சொன்னா நானே கல்லு தூக்கறேன். இல்லன்னா..." அவன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "நீங்களும் வந்துடுங்க."

"நான் வந்து அங்க இன்னாத்த விக்கறது? பஸ்சையா?"

சின்னவன் மட்டும் சிரித்தான். ஆதியம்மாள் அவன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். போகப்போவது ஒரு மாப்பிள்ளை மட்டும் இல்லை. காலையில் பேத்திக்குப் பின்னல் போடுவது, பையனுக்கு மூக்கைச் சிந்திவிடுவது, பானுமதி கருவாட்டை வெயிலில் திருப்பிப் போடும்போது பேசாமல் பக்கத்தில் நிற்பது, எல்லாம் அந்த மாடி அறைக்குப் போகும். ஒரே ஆளுக்கு எப்படிக் குழம்பு வைப்பது என்று அவளுக்குத் தெரியாது. புளியைக் கரைத்தாலே அது நாலு பேருக்கு ஆகிவிடும்.

கூட்டத்துக்கு முந்தின நாள், அந்தி சாய்வதற்குள் ஊர் அம்மன் கோயில் முன்னால் கூடியது. தலைக்கட்டுகள் மணலில் உட்கார்ந்தார்கள். பெண்கள் மதில் ஓரமாக நின்றார்கள். தேவேந்திரன் இரண்டு பக்கமும் சேராமல் ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

ரவிச்சந்திரன் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ஆதியம்மாள் முன்னால் வந்தாள்.

"எனக்கு வரி போடுங்க."

சபை முதலில் அவள் ஏதோ வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்றே நினைத்தது. தணிகைவேல்தான் வாயைத் திறந்தார். மூன்று படகு வைத்திருக்கிறவர். ஆதியம்மாளின் புருஷனுடைய உடலைத் தேடி மூன்று நாள் கடலில் சுற்றியவரும் அவர்தான். அதனால் அவர் பேசும்போது அவளால் முழுதாக எதிர்க்க முடியாது.

"இன்னா பேச்சு ஆதி இது? புருஷன் இல்லாத பொம்பளகிட்ட வரி வாங்கி அம்மனுக்குக் கூழு ஊத்தினா ஊரு வெளங்குமா?"

"வாங்காம வுட்டதுலதான் அண்ணாத்த இப்பிடி வெளங்கிப் போய்க்கீது."

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. தணிகைவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, உனக்குப் போட்டா வேண்டாவுக்குப் போடணும். சந்திரம்மாவுக்குப் போடணும். அப்பால மாப்பிள்ளைங்களுக்கும் போடணும். சதுரங்கப்பட்டினத்துக்காரன் காதுல வுழுந்தா இன்னா சொல்லுவான்? பொண்ணையும் குடுத்து வரியும் புடுங்கறானுங்கன்னு சிரிக்க மாட்டான்?"

படகின் விளிம்பிலிருந்து தேவேந்திரன் சொன்னான். "அவன் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான் மாமா. அங்க வரி வாங்கிக்கினு, பங்கு கேட்டா நீ பொண்டாட்டி ஊருக்காரன்றான். இங்க கேட்டா, நீ எங்க வூட்டு மாப்ளைன்றீங்க. நான் இன்னா நடுக்கடல்லயா குடித்தனம் பண்றேன்?"

"மாப்ள, உங்களுக்கு இங்க மரியாதைக்கு இன்னா கொறச்சல்?"

"மரியாதைய விரிச்சிப் படுக்க முடியல மாமா."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "வரி கட்டினா தலைக்கட்டு. தலைக்கட்டுன்னா சபையில குந்தணும். பொம்பளைங்க குந்துவாங்களா?"

"நின்னு நின்னு காலு மரத்துப் போச்சி," என்றாள் வேண்டா. "குந்தினா இன்னா, மண்ணு தேஞ்சிடுமா?"

பேச்சு அங்கிருந்து எங்கெங்கோ போனது. போன வருடம் ஏலப் பணத்தில் யாருக்குப் பங்கு வந்தது, யார் வீட்டுச் சுவர் யார் வீட்டுப் பக்கம் நகர்ந்தது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி கட்டித் தருகிறேன் என்று முன்பு அரசாங்கம் சொன்னபோது வேண்டாம் என்று சொன்னது யார், சரி என்று சொன்னது யார். அந்த அடுக்குமாடி வந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்றான் ஒருவன். மூணாவது மாடியில் வலையை எங்கேடா உலர்த்துவாய் என்றான் இன்னொருவன். வலைக்கு இடம் கேட்கிறாய், பெண்டாட்டிக்கு இடம் கேட்க மாட்டாயா என்று மதில் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று திரும்பிப் பார்த்தபோது எல்லாப் பெண்களும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆதியம்மாள் களைத்துப்போனாள். ஊர் ஒன்றாகப் பேசும்போது அதற்குக் கடலைப் போல ஒரே சத்தம் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். கிட்டே வந்து கேட்டால் ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சுவரைத்தான் பேசுகிறார்கள். அவளும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

கடைசியில் ரவிச்சந்திரன் கையை உயர்த்தினார். "நாளைக்கு அதிகாரிகிட்ட எல்லா வூட்டையும் சேத்துச் சொல்றோம். வரி பேச்சு அப்பால."

"அப்பாலன்னா? அங்க சேத்துட்டு இங்க தள்ளி வெப்பீங்களா?" என்றாள் ஆதியம்மாள். "அப்பிடி வேணாம். எண்றதுன்னா ரெண்டு எடத்துலயும் எண்ணுங்க."

தணிகைவேல் நெடுநேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "வாங்கிக்கறோம். ஆடில வரி வாங்கிக்கறோம். ஆனா சபையில குந்தறது, பேசறது, அதெல்லாம் இப்ப வேணாம்."

பாதிதான். ஆனாலும் இருட்டிக்கொண்டு வந்தது, அடுப்பு பற்ற வைக்க வேண்டியிருந்தது. ஆதியம்மாள் சரி என்றாள்.

திருக்கழுக்குன்றம் கல்யாண மண்டபத்தில் யாருக்கோ போன முகூர்த்தத்தில் கட்டிய வாழைமரம் வாசலிலேயே காய்ந்து நின்றது. மின்விசிறிகள் சுற்றின, காற்று இறங்கவில்லை. மேடையில் மணமக்கள் உட்காரும் இடத்தில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பெரிய திரையில் வரைபடம். குப்பத்திலிருந்து வேன் வைத்து வருவதாகப் பேச்சு. ஆனால் அன்று காலையில் நெத்திலி அள்ளிக்கொண்டு வந்தது. நெத்திலி வந்தால் யாரும் வேறு எதற்கும் போக முடியாது. அரைமணி தாமதித்தால் வெயிலில் குழைந்துவிடும். ரவிச்சந்திரனும் இன்னும் இரண்டு ஆண்களும் ஆதியம்மாளும் மட்டும் பஸ்ஸில் வந்தார்கள். வேண்டா கூட வரவில்லை. "நீ போய்ச் சொல்லுடி. நான் வந்தா வாயி நீளும், நெத்திலியும் நாறும்" என்றுவிட்டாள்.

முதலில் மைக்கைப் பிடித்தவர் தேசிகன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர். மலையைச் சுற்றி வருகிற பாதையில் இரண்டு பக்கமும் நாலு மாடி எழும்பிவிட்டது என்றார். "கிரிவலம் வர்றவா மூச்சு விடறதுக்கு இடமில்லை. மலை எங்கே இருக்குன்னு கட்டடத்து சந்துல தேட வேண்டியிருக்கு. உயரத்தைக் குறைங்கோ." அடுத்து வந்த ஒரு மனை வியாபாரி உயரத்தைக் கூட்டச் சொன்னார். ஏரிக்கரை ஓரத்தில் இருக்கிற தன் நிலத்தை மஞ்சளாக்கச் சொன்னார். அப்புறம் அஸ்வத் என்ற இளைஞர், கடலோரத்து வில்லா குடியிருப்பிலிருந்து வந்தவர். கோபமில்லாமல், உண்மையான கவலையோடு பேசினார். நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது, ஆமை முட்டையிட வருகிற கரை சுருங்கிவிட்டது, இனிமேல் கடலோரத்தில் யாருக்குமே கட்ட அனுமதி தரக் கூடாது. மண்டபத்தில் கைதட்டினார்கள். ஆதியம்மாளும் ஆமை என்றதும் தலையாட்டினாள். அவர் சொன்னதில் அவளுக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அவர் வீடு ஏற்கெனவே கட்டி முடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணம் தேவைப்பட்டது. கேட்கக் கேட்க அந்தத் திரை, எல்லோருடைய ஆசையையும் ஊற்றி நனைத்த புடவை போல அவளுக்குத் தோன்றியது. யாராவது முறுக்கிப் பிழிந்தால் ஒருவருக்கும் ஒன்றும் மிஞ்சாது.

ரவிச்சந்திரன் முறை வந்தது. எல்லா வீட்டையும் சேர்த்த கணக்கைச் சொன்னார். மேடையில் இருந்த அதிகாரி தாளைப் புரட்டினார். சலிப்பான முகம், கெட்ட முகம் இல்லை.

"மாசி மாசம் நீங்க சொன்னது வேற எண்ணா இருக்கே. நீங்கதானே சொல்லியிருக்கீங்க?"

"நான்தாங்க சார்."

"இப்போ எப்படி ஏறிச்சு? வரைபடம் வந்த பிறகு குடும்பம் ஏறுமா?"

மண்டபம் சிரித்தது. ரவிச்சந்திரன் தலைக்கட்டு என்றால் என்ன என்று சொல்ல ஆரம்பித்தார். மைக் கீச்சிட்டது. கடலில் எந்த அலையிலும் நடுங்காத அந்த ஆளின் கழுத்து வேர்த்துக்கொட்டுவதை ஆதியம்மாள் பார்த்தாள். எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் அவர் கையையே சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க எங்கயிருந்தும் புதுசா வர்ல சார். அங்கயேதான் கீறோம். புருஷன் இல்லாத வூட்ட எங்க ஊர்ல எண்ற வழக்கம் இல்ல. பாவம்னு வுட்டுட்டாங்க. அவரு உங்ககிட்ட பொய் சொல்லல. இப்ப எங்களையும் எண்ணிட்டாங்க. நீங்களும் எண்ணிக்கினீங்கன்னா, நான் போயி சுவர எழுப்பிக்குவேன்."

அதிகாரி பேனாவை மூடினார். "அம்மா, நீங்க சொல்றதை நான் நம்பலைன்னு இல்ல. வீடு வீடா மறுபடியும் கணக்கெடுக்கச் சொல்றேன். யார் அங்க குடியிருக்காங்களோ அவங்க பதிவாவாங்க. பூட்டுன வீடு, ஆள் இல்லாத வீடு சேராது. அதுவரைக்கும் எதுவும் கட்டாதீங்க."

"எப்ப வருவாங்க சார்?"

"வருவாங்கம்மா."

அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் ரவிச்சந்திரன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். "நல்லாத்தான் பேசினக்கா" என்று ஒரு தடவை சொன்னார். கொஞ்ச தூரம் போனபின், "நான்தான்..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டார். ஆதியம்மாள் அவருக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டில் தேவேந்திரன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"வருவாங்கன்னா எப்ப அத்த?"

"அதான் தெர்ல மாப்ள."

"அவங்க வர்ற வரிக்கும் சுவரு அப்பிடியே நிக்கும்."

"ஆமா."

"பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க. இன்னும் தள்ளினா அங்க எடம் கெடைக்காது." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நான் உங்கள வுட்டுட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க."

"நெனைக்கல."

அது பொய். ஆனால் அவன்மேல் கோபமும் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு குட்டி யானை வண்டி வந்தது. பாய்கள், பாத்திரங்கள், சின்னவனின் சைக்கிள், டிவி. ஏற்றி முடித்தபின் வண்டியில் பாதி காலியாகவே இருந்தது. இவ்வளவு கொஞ்சம் சாமானா இந்தக் கூடத்தை அப்படி நெருக்கிக்கொண்டிருந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பானுமதி கடைசி நேரத்தில் அழுதாள். "நீயும் வாம்மா, பிடிவாதம் பண்ணாத."

"நான் வந்தா பூட்டின வூடு ஆயிடும்டி. எண்ண வர்றவங்க பூட்டத்தான் பாத்துட்டுப் போவாங்க. நான் இங்க குந்திகினு கீறேன். சுவரு எழும்பட்டும், நீங்க வாங்க."

"எழும்புமா?"

"போ, வண்டிக்காரன் ஹாரன் அடிக்கறான் பாரு."

ஆடியில் வரி வசூலுக்கு வந்தார்கள். தணிகைவேல் வெளியே நின்றுகொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி வாங்கிக்கொண்டார். அம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது ஆதியம்மாளுக்கும் வேண்டாவுக்கும் சந்திரம்மாவுக்கும் தலைக்கட்டுப் பங்கு என்று தனியாகப் பாத்திரத்தில் ஊற்றினார்கள். "கூழு ருசி மாறிப் போச்சிடி," என்றாள் வேண்டா, "காசு குடுத்துக் குடிச்சா உப்பு கூடத் தெரியுது." சபை கூடியபோது மூவரும் பழைய இடத்தில் நின்றார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. இரவில் ஆதியம்மாள் இப்போது தன் வீட்டுக் கூடத்திலேயே படுத்தாள். கையைக் காலை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். நீட்டினால் தூக்கம் வரவில்லை. சுவரோரமாக, முன்பு மழைக்காலத்தில் படுத்த அதே இடத்தில் குறுகிப் படுத்தாள்.

குழம்பு தினமும் அதிகமானது. சந்திரம்மா வீட்டுக்குப் போனது.

புரட்டாசி பாதியில், மத்தியான வெயிலில், ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு தெற்கு வரிசைக்குள் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய போன். விஷாகா என்று பெயர் சொன்னாள். செங்கல்பட்டிலிருந்து வருகிறாளாம். காலையிலிருந்து நடந்து முகம் கன்றிப்போயிருந்தது. ஆதியம்மாள் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தாள்.

"குடும்பத் தலைவர் யாரும்மா?"

"நான்தான்."

விஷாகா போனில் தட்டிப் பதிந்தாள். "ஊருக்கு வரி கட்டறீங்களா? அப்படி ஒரு கேள்வி புதுசா சேத்திருக்காங்க."

"கட்றேன். இந்த ஆடிலருந்து."

"வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?"

அந்தப் பெண்ணின் கண் கூடத்தைச் சுற்றி வந்தது. மூலையில் ஒரு பாய். கொடியில் ஒரு புடவை. அடுப்படி வாசலில் கவிழ்த்த ஒரு தட்டு.

"தனியா இருக்கீங்களாம்மா? தனி ஆளுன்னா வேற பகுதில போகும். கூடுதலா அறை கட்டறதுக்கு அதுல இடமில்ல. ஏன்னா, ஒரு ஆளுக்கு இருக்கற வீடே போதும்னு வந்துடும்." மனப்பாடமாகச் சொன்னாள், பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "அதனால சரியாச் சொல்லுங்க."

வெளியே அரைச்சுவரின் செங்கல்லில் யாரோ நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். அந்த வாசனை உள்ளே வந்தது.

"அஞ்சு பேரு," என்றாள் ஆதியம்மாள். "எழுதிக்கோம்மா. நானு, எம் பொண்ணு பானுமதி, மாப்ள தேவேந்திரன், பேத்தி, பேரன். மாப்ள வேலைக்குப் போய்க்கீறாரு. பசங்க பள்ளிக்கூடம்."

"பொண்ணு?"

"அவளா? தோ, வந்துருவா."

விஷாகா போனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தது போல இருந்தது. பிறகு பிள்ளைகளின் பெயரைக் கேட்டாள், வயதைக் கேட்டாள். ஆதியம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேத்தியின் வயதைச் சொல்லும்போது தடுமாறி, நடுவில் பிறந்தநாள் வந்து போனதை நினைத்து ஒன்று கூட்டிச் சொன்னாள். மோர் டம்ளரை அந்தப் பெண்ணே கழுவி வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

ஆதியம்மாள் மகளுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பஸ் சத்தம், யார் யாரோ இந்தியில் பேசுகிற சத்தம், குழாயடியில் குடம் இடிக்கிற சத்தம்.

"எண்றதுக்கு வந்துட்டுப் போனாங்கடி. உங்க பேருங்கள குடுத்துட்டேன். யாராச்சும் போன் பண்ணிக் கேட்டா இங்கதான் கீறோம்னு சொல்லு."

"அவரு இங்க சேந்து இன்னும் மூணு மாசம் கூட ஆவல. லைசென்சுக்கு எழுதிப் போட்டுக்கீறாரு."

"நான் அவர வரச் சொல்லல. பேருதான் குடுத்தேன்."

"அவரு பேரையுமா?"

"அவரு பேரு இல்லாம உன் பேர எப்பிடிக் குடுக்கறது?"

மறுபடியும் குழாயடிச் சத்தம். யாரோ பானுமதியைத் தள்ளி நிற்கச் சொல்வது கேட்டது. அங்கே தண்ணி பிடிக்க முறை வைத்திருக்கிறார்கள், பத்து ரூமுக்கு ஒரே குழாய் என்று முன்பே சொல்லியிருந்தாள்.

"ம்மா, என் முறை வந்துச்சி. குடத்த வெக்கணும்." ஆனால் அவள் போனை வைக்கவில்லை. "இன்னிக்கி இன்னா மீனு?"

"சங்கரா."

"கொழம்பா, வறுவலா?"

"இன்னும் அறுக்கல," என்றாள் ஆதியம்மாள்.